எடைக்கல்லும் ரயில்பூச்சியும்

ஜூன் 2, ஞாயிறு

டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. யூடியூபில் போக்கர் சொல்லிக்கொடுக்கிற வீடியோ வாத்தியார்தான், “ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வை. எழுதாதவன் ஒரே தப்பைப் பத்து வருஷம் செய்வான்” என்கிறார். கோழித் தீவனக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்று, நான் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடை மேஜையில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன். இது ஆம்னி வேனின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். வீட்டுக்குள் போகாது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் சத்தியத்தை மீறவில்லை. மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அவர் படத்துக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, “இனிமேல் பணம் வைத்து ஆட மாட்டேன்” என்றுதான் சத்தியம் செய்தேன். போனில் நடக்கிற இந்தப் போக்கர் போட்டி பணம் வைத்து ஆடுவதில்லை. நுழைவு இலவசம். ஏழு ஞாயிறு, மாலை மூன்று மணிக்கு ஆட்டம். அதிகப் புள்ளி எடுக்கும் ஒன்பது பேர் இறுதிக்குப் போகலாம். அதில் ஜெயிப்பவனுக்குக் கோவாவில் பெரிய ஆட்டக்காரர்களோடு நேரில் உட்கார இடம். வேறொன்றும் இல்லை.

ஆனால் இந்த நுணுக்கமெல்லாம் என் மனைவி கோகிலவாணியிடம் எடுபடாது. அன்றைக்கு அவள் சொன்னது இது: “இன்னொரு தடவ உங்க கையில அந்தச் சீட்டப் பாத்தேன்னா, நான் மோகனூருக்கு எங்கம்மாகிட்டயே போயிருவேனுங்க. கூப்பிட வராதீங்க.” சொன்னால் செய்கிறவள். அதனால் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் அதில் ‘எடைக்கல்’. இன்று நாற்பத்தோராவது இடம். தப்பு: முதல் அரை மணி நேரத்திலேயே ஆசைப்பட்டு எல்லாச் சீட்டுக்கும் ஆடினேன்.

ஜூன் 3, திங்கள்

மக்காச்சோள லாரி பதினாறு. மதியம் முட்டைக் குழம்பு. கோகிலா இன்று என்னிடம் மூன்று வாக்கியம் பேசினாள். மூன்றும் தண்ணீர் மோட்டாரைப் பற்றி.

ஜூன் 9, ஞாயிறு

இருபத்திரண்டாவது இடம். எடைமேடை அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் லாரி வராது.

வாத்தியாரின் பாடங்கள் வேலை செய்கின்றன. கையில் வரும் இரண்டு சீட்டைப் பார்த்ததும் பத்தில் எட்டு முறை தூக்கிப் போட்டுவிட வேண்டும். கடைசியாகப் பேசுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் துணியலாம். முதலில் பேச வேண்டியிருந்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். சூடேறினால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஆட்கள் எப்போதோ சொன்னதைத்தான் இந்த ஆள் ஒரு மணி நேரம் இழுத்துச் சொல்கிறார்.

என் மேஜையில் ‘ரயில்பூச்சி’ என்று ஒருவன். பெயருக்கு ஏற்ற ஆள். ஒவ்வொரு முறையும் கடிகாரம் தீர்கிறவரை யோசிப்பான். லேசாகத் தட்டினால் சுருண்டுகொள்வான். இவனையெல்லாம் எவன் உள்ளே விட்டான் என்று சிரித்தேன். ஆட்டம் முடியும்போது அவன் பத்தொன்பதாவது இடம், எனக்கு மூன்று படி மேலே.

ஜூன் 13, வியாழன்

சந்தைக்குக் கோகிலாவோடு போனேன். முருங்கைக்காய்க்காரியிடம் விலை கேட்டுவிட்டு, வாங்காமல் அப்படியே நின்றாள். நான் “போலாமா” என்றேன். “பொறுங்க. அவங்க கைல நெறையக் கெடக்குது. நாம பேசாம நின்னா அவங்களே எறங்குவாங்க” என்றாள். இறங்கினாள்.

முன்பெல்லாம் இவள் பேரம் பேசத் தெரியாமல் கேட்ட விலைக்கு வாங்கி வருவாள். மனுஷிக்கு எங்கிருந்தோ விவரம் வந்திருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

பதினான்காவது இடம். நன்றாக ஆடியும் கடைசியில் என் ஏஸ் ஜோடியை ஒரு மடையன் அற்பச் சீட்டில் ஜெயித்துவிட்டான். இதற்கு வாத்தியார் ஒரு பாடம் வைத்திருக்கிறார்: “முடிவு எப்படி வந்தது என்பதை வைத்து, நீ செய்தது சரியா தப்பா என்று பார்க்காதே. சரியாக ஆடியும் தோற்கலாம். தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம். அந்த நேரத்தில் உனக்குத் தெரிந்ததை வைத்து நீ எடுத்த முடிவு சரியா? அதை மட்டும் கேள்.”

இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தை மாதத்து ஞாயிறு ஞாபகம் வந்தது.

அன்று கோகிலா மோகனூரில் அப்பா வீட்டில் இருந்தாள். நானும் ஆம்னியும் இங்கே எடைமேடையில். மோகனூர் சாலையில் விரட்டினால் இருபது நிமிடம். போனில் பணம் வைத்து ஆடிக்கொண்டிருந்தேன்; இறுதி மேஜையில் ஆறு பேர்தான் மிச்சம். அழைப்பு வந்தால் அது திரையை மூடிக்கொண்டு பொத்தான்களை மறைத்துவிடும். கட்டை விரலால் ஒதுக்கினேன். மறுபடி வந்தது, ஒதுக்கினேன். பதினொரு தடவை. மாமனாருக்கு நெஞ்சுவலி என்று எனக்கு எப்படித் தெரியும்? வழக்கமாக அவள் கூப்பிடுவது காய் வாங்கி வரத்தானே. கடைசியில் பக்கத்துப் பண்ணையிலிருந்து கிளம்பிய முட்டை வண்டியில், அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். வள்ளிபுரம் தாண்டும்போது போய்விட்டார்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நான் எடுத்த முடிவு தப்பில்லை. வந்த முடிவுதான் தப்பு. வாத்தியார் சொல்வது எனக்குப் புரிகிறது.

ஆனால் பதினொரு தடவை யாரும் முருங்கைக்காய்க்காகக் கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் 17, திங்கள்

நேற்று எழுதிய கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். பேனா எழுதவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

எடைமேடையில் டவர் சரியில்லை. போன தடவை நடுவில் இரண்டு முறை அறுந்துபோனது. இனி வீட்டில்தான். மகள் இலக்கியா கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்தால் படிக்க வேண்டும் என்று போட்ட வைஃபை சும்மாதான் கிடக்கிறது. வாசலில் நிற்கிற ஆம்னி வரை அது நன்றாக எட்டுகிறது. “வண்டியைக் கழுவப் போறேன்” என்று சொல்லிவிட்டு வாளியும் துணியுமாக இறங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

கோகிலாவும் தடுக்கவில்லை. “வடகம் காயப் போட்டிருக்கேன், காக்கா வருது. நான் மாடியில இருக்கேன்” என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு வசதியாகப் போயிற்று.

ரயில்பூச்சி மறுபடி என் மேஜையில். இப்போது சுருளுவதில்லை. நான் பொய்க்குப் பந்தயம் ஏற்றும்போதெல்லாம் சரியாகப் பிடிக்கிறான். நான் நிஜமாகச் சீட்டு வைத்திருந்தால் ஒதுங்கிக்கொள்கிறான். என் வயிற்றுக்குள் உட்கார்ந்து பார்ப்பவன் போல ஆடுகிறான். நான் எங்கோ பிடிகொடுக்கிறேன். பொய் சொல்லும்போது சீக்கிரம் பொத்தானை அழுத்துகிறேனோ?

நான்கு மணிக்குச் சிலிண்டர்க்காரர் வந்து மணியடித்தார். கோகிலா மாடியிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட்டாள். நான் சீட்டில் குனிந்துகொண்டேன். அதே சமயம் ரயில்பூச்சியின் கடிகாரம் ஓடித் தீர்ந்து, நல்ல கையை விட்டுக்கொடுத்தான். அவன் வீட்டுக்கும் யாரோ வந்திருப்பார்கள்.

பதினொன்றாவது இடம்.

ஜூன் 26, புதன்

சாப்பிடும்போது கோகிலா திடீரென்று, “பொய் சொல்றப்ப நீங்க ரொம்ப வேகமாப் பேசுவீங்க, தெரியுமா?” என்றாள். நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. வண்டியின் பிரேக் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மூன்றேகாலுக்குத் தூறல். வடகம் எடுக்கப் போன கோகிலா ஐந்து மணிக்குத்தான் இறங்கினாள். தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் நின்றாளாம். ஒரு தட்டு வடகத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். புடவைத் தலைப்பு நனைந்து, முகம் மட்டும் சிவந்து, ஜெயித்துவிட்டு வருகிறவள் மாதிரி வந்தாள்.

எனக்கு ஒரு எண்ணம் வந்தது. எழுதவில்லை.

ரயில்பூச்சி எட்டாவது இடம். நான் பத்து.

ஜூலை 4, வியாழன்

விதிமுறைகளை இன்று முழுதாகப் படித்தேன். பதினேழாவது விதி: ஒரே வீட்டிலிருந்து, ஒரே இணைப்பில், இரண்டு பேர் ஒரே மேஜையில் ஆடக்கூடாது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடினால் இருவரையும் நீக்குவார்கள்.

நம் வீட்டில் ஆடுவது நான் ஒருவன்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பூனைக்காவது இருண்டுவிடும்.

ஜூலை 7, ஞாயிறு

ஒன்பதாவது இடம்! அடுத்த ஞாயிறோடு முடிகிறது. அந்த இடத்தைக் காப்பாற்றினால் போதும். வாத்தியார் சொல்கிறார்: “எல்லைக்கோட்டை நெருங்கும்போது ஜெயிக்க ஆடாதே, சாகாமல் இருக்க ஆடு.”

கோகிலாவோடு சேர்ந்து காபி குடித்தேன். அவளும் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசாமல் குடித்தோம். முன்பு இந்த மேஜையில் சண்டையாவது இருந்தது.

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் மோகனூர் போய்விடுவாள். அவளும் ஆடுகிறாள் என்றால் எப்படிப் போவாள்? இந்தக் கேள்வியை எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூலை 14, ஞாயிறு. எழுதுவது திங்கள் விடியற்காலை

மோகனூர். கோகிலாவின் அம்மா, என் அத்தையின் வீட்டுக் கூடம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இந்த ஒரு தடவையாவது வேகமாக எழுதாமல் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு நான் வேனில், அவள் மாடியில். நாலரைக்கு மேஜையில் நான்கு பேர் மிச்சம். ரயில்பூச்சி என் இடப்பக்கம். எனக்கு ராஜா ஜோடி வந்தது. நடுவில் விரித்த மூன்று சீட்டில் இன்னொரு ராஜா, ஒரு ஏழு, ஒரு இரண்டு. மூன்று ராஜா என் பக்கம். அந்த நிலையில் அதைவிடப் பெரிய கை யாரிடமும் இருக்க முடியாது. ரயில்பூச்சி தன்னிடம் இருந்த அத்தனை பந்தய வில்லையையும் நடுவில் தள்ளினான். நான் ‘சரி’ என்று அழுத்தினால் அவன் வெளியே, நான் இறுதி ஆட்டத்தில்.

எனக்கு முப்பது வினாடி இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. எடைமேடை வேலைக்கு வைத்திருக்கும் இன்னொரு போனை எடுத்துக் கோகிலாவைக் கூப்பிட்டேன். வேன் கூரைக்கு மேலே, மாடியில், மணி அடித்தது எனக்குக் கேட்டது. ஒரே ஒரு மணி. வெட்டிவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன். மணியோசை பாதிகூட வரவில்லை, வெட்டினாள்.

எப்படி இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். அழைப்பை வெட்டுகிற விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெட்டுப்படுகிற காது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. அதுவும் வெறும் இரண்டு தடவை.

மூன்று ராஜாவையும் தூக்கிப் போட்டுவிட்டேன். அவள் ஜெயித்தாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் மிச்சமிருந்ததையும் தோற்று நான் வெளியே வந்தேன்.

ஐந்தேகாலுக்குச் செய்தி வந்தது. “எடைக்கல், ரயில்பூச்சி ஆகிய இரு கணக்குகளும் ஒரே இணைப்பிலிருந்து ஆடியுள்ளன. வெல்லக்கூடிய கையை ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துள்ளார். நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்து, ஒவ்வோர் அடியையும் கலந்து முடிவெடுத்து ஆடியதாகக் கருதுகிறோம். இரு கணக்குகளும் நீக்கப்படுகின்றன.”

பேசி வைத்து. கலந்து முடிவெடுத்து. தை மாதத்திலிருந்து நாங்கள் கலந்து முடிவெடுத்தது தண்ணீர் மோட்டார் ஒன்றுதான்.

கோகிலா மாடிப்படியில் நின்றிருந்தாள். அவள் கையிலும் அதே செய்தி. நான் வேனை விட்டு இறங்கினேன்.

“எப்ப இருந்து தெரியும்?” என்றேன்.

“மொத நாள்ல இருந்தேங்க. எடை மேடையில வேலை பாத்துக்கிட்டு எடைக்கல்னு பேரு வச்சா, எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கேக்கல? மோகனூர் போறேன்னியே?”

“கேட்டா நானும் நிறுத்தோணுமே.” படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்பா அங்க மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தப்ப, பதினொரு தடவ வெட்டற அளவுக்கு அந்தத் திரையில என்னதான் இருந்துச்சுன்னு பாக்கத்தான் உள்ள போனேனுங்க. ஒரு தடவ பாத்துட்டு உங்களத் திட்டலாம்னு.”

“பாத்தியா?”

“பாத்தேன். இன்னைக்கு நீங்க கூப்பிட்டத மட்டும் நான் வெட்டல. அதுக்கு முன்னாடி எங்கம்மா மூணு தடவ கூப்பிட்டாங்க. அம்மான்னு பேரு வந்துச்சு. பாத்துக்கிட்டே வெட்டினேன்.” போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். “கையில ஒண்ணுமே இல்லீங்க, வெறும் பொய்க்குத் தள்ளினேன். அதுக்காக வெட்டினேன். இப்ப நான் கூப்பிடறேன், அவங்க எடுக்க மாட்டீங்கறாங்க.”

அத்தை தனியாக இருக்கிறார். எழுபது வயது. சர்க்கரை வேறு. நான் சாவியைத் தேடவில்லை, அது வண்டியிலேயே இருந்தது. கோகிலா செருப்புக்கூடப் போடாமல் ஏறினாள். வழி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். மணி முழுசாக அடித்து அடித்து நின்றது. வள்ளிபுரம் வந்ததும் இருவரும் வெளியே பார்க்கவில்லை. யாரையாவது வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கற்பூரத்தை அணைத்தே பொய் சொன்னவன் எந்த முகத்தோடு வேண்டுவது?

வீடு திறந்து கிடந்தது. கூடத்துக் கட்டிலில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை இல்லை. கோகிலா “அம்மா” என்று போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது. கிணற்றுப் பக்கமிருந்து அத்தை வந்தார், கையில் ஸ்பேனரோடு.

“ஏன்டி இப்புடிக் கத்தற? மோட்டார் ஓடல. அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன். நீ எடுக்கல. அப்புறம் ஒரு ஆளப் புடிச்சு இப்பத்தான் ஓட்டிவுட்டுட்டுப் போறான். வாங்க மாப்ளை, தண்ணி குடிங்க.”

கோகிலா அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் செய்ததும் நான் செய்ததும் ஒரே ஆட்டம். அவளுக்கு வந்த அழைப்பு மோட்டாருக்கு, எனக்கு வந்தது நெஞ்சுவலிக்கு. வாத்தியாரின் பாடம் இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. முடிவு எப்படி வந்தாலும், எடுத்தது தப்பு என்றால் தப்புதான். ஒரு மாதமாக அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, “போன் எடுக்கலீன்னா ஒரு குத்தமா? இதுக்குப் போயி அழுவாங்களா? உனக்கும் மாப்ளையாட்டம் சார்ஜ் தீந்துபோச்சாக்கும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அன்னைக்கு உங்க போனு மட்டும் உசுரோட இருந்திருந்தா நீங்க பறந்து வந்திருப்பீங்க மாப்ளை. எல்லாம் நேரம். நான் யார் கேட்டாலும் அதத்தான் சொல்றது” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. கோகிலா அம்மாவிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். காரியத்துக்கு வந்த சொந்தமெல்லாம் என் கையைப் பிடித்து ஏன் ஆறுதல் சொன்னார்கள் என்பதும் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

கோகிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“சார்ஜ் இருந்துச்சுங்க அத்தை” என்றேன்.

அத்தை புரியாமல் பார்த்தார்.

“அன்னைக்கு என் போன்ல சார்ஜ் இருந்துச்சு. நான் சீட்டு ஆடிக்கிட்டு இருந்தேன். கோகிலா கூப்பிடக் கூப்பிட நான்தான் வெட்டி விட்டேன்.”

“இவ பேரு வந்துச்சுங்களா, போன்ல?”

“வந்துச்சுங்க அத்தை.”

“பேரப் பாத்துத்தான் வெட்டுனீங்களா?”

“ஆமாங்க.”

மகளின் தலையிலிருந்து கையை எடுத்தார். “உனக்குந் தெரியும்” என்றார். அது கேள்வி இல்லை. அத்தை எழுந்து ஸ்பேனரை ஜன்னலில் வைத்தார். அறைக்குள் போனார். உள்ளே தாழ் விழுந்தது.

அது நேற்று மாலை ஏழு மணி. வண்டியிலிருந்து இந்த டைரியை எடுத்து வந்தேன். கோகிலா இதைப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள், கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எடைமேடைக்கு இன்று நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது விடிகிறது. இரவெல்லாம் கதவுக்கு முன்னால்தான் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். அவள் தட்டி “அம்மா” என்கிறாள். பிறகு நான் தட்டி “அத்தை” என்கிறேன். உள்ளே அத்தை இருமுகிறார், புரண்டு படுக்கிறார், தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைக்கிறார். தூங்கவில்லை. நாங்கள் கூப்பிடுவது அவருக்கு நன்றாகக் கேட்கிறது.